பந்து ஏன் எகிறியது?

2009ஆம் ஆண்டு டிசம்பர் 27. தில்லியில் பெரோஸ் ஷா கோட்லா மைதானம். இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் ஆடின. முதலில் மட்டை பிடித்தது இலங்கை.

சில பந்துகள் எழும்பாமல் தாழ்ந்து போயின. சில பந்துகள் திடீரென்று எகிறின. ஆட்டக்காரர்கள் உடம்பில் அடி பட்டது. 23 ஓவரும் 3 பந்துகளும் வீசியிருந்தார்கள். இலங்கை 5 விக்கெட் இழந்து 83 ரன் எடுத்திருந்தது. அத்தோடு ஆட்டம் நின்றது. மேலும் ஆடினால் ஆபத்து என்று கைவிட்டார்கள்.

கோளாறு பந்தில் இல்லை, தரையில் இருந்தது.

பந்து விழும் தரைக்குப் பிட்ச் என்று பெயர். அதன் நீளம் 66 அடி. அகலம் 10 அடி. அதை எப்படிப் போடுகிறார்கள்?

நெல்லடிக்கும் களம் பார்த்திருப்பீர்கள். மேட்டைச் செதுக்குவோம். தண்ணீர் தெளிப்போம். திமிசு போட்டு இடிப்போம். காய்ந்ததும் தரை இறுகிவிடும். பிட்ச் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே திமிசுக்குப் பதில் கனமான உருளை.

மூன்று காரியம் முக்கியம்.

மண்: களிமண் காய்ந்தால் கெட்டியாக இறுகும். பந்து நன்றாக எழும்பும். மணல் கூடினால் தரை உதிரும்.

ஈரம்: ஈரத் தரை அமுங்கும். பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பந்து மெதுவாக வரும். ஈரம் மிகவும் வற்றினால் தரை வெடிக்கும். வெடிப்பின் விளிம்பில் பட்ட பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தில்லியில் டிசம்பர் பனிக்காலம். வெயில் குறைவு. ஈரம் உலர நாளாகும்.

புல்: புல்லின் வேர் மண்ணை இறுகப் பிடிக்கும். ஆனால் புல் சீராக இருக்க வேண்டும். திட்டுத்திட்டாக இருந்தால் பந்து இடத்துக்கு ஒரு மாதிரி எழும்பும்.

தரை முழுவதும் கெட்டியா? ஆட்டக்காரர் அதற்கேற்ப ஆடுவார். முழுவதும் மெத்தென்று இருக்கிறதா? அதையும் சமாளிப்பார். ஓரிடம் கெட்டி, ஓரிடம் மெத்து என்றால்தான் ஆபத்து. கிரிக்கெட் பந்து 150 கிராமுக்கு மேல் எடை உள்ளது. வேகமாக வந்து பட்டால் எலும்பு முறியும்.

கோட்லா பிட்ச் பெயர்த்துப் புதிதாகப் போட்டது. புதுத் தரை படிந்து இறுக நாள் பிடிக்கும். அவசரம் உதவாது.

அந்த மைதானத்துக்கு ஓராண்டு தடை விதித்தார்கள். பிட்சைச் சீர் செய்தார்கள். 2011இல் உலகக் கோப்பை ஆட்டங்கள் அங்கே நல்லபடி நடந்தன. 2019இல் அந்த அரங்குக்கு அருண் ஜேட்லி அரங்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ரன் எடுத்தவரை ஊரே புகழும். அவர் அடிபடாமல் ஆட, நாள்கணக்கில் தண்ணீர் விட்டு உருளை உருட்டியவர்களும் காரணம்.

உங்கள் ஊரில் களம் போட எந்த மண்ணை எடுக்கிறார்கள்? ஏன்? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.