குளுகுளு ஊரில் குடியேறலாமா?

"தம்பி, யான் பக்கம் ஒரு துண்டு நிலம் விலைக்கு வருதாம். அருவித் தண்ணி ஓடுற எடம். எடுத்துப் போட்டுடலாமா?"

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பால் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மார்ச் மாதம், பகல் இரண்டு மணி. சுங்கைப்பட்டாணித் தாமான் ஒன்றில் அவர் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. அது கொட்டியது காற்றல்ல, அனல்.

பெரியவர் பேசி முடிக்குமுன் உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது: "இவருக்கு வேற வேலை இல்லீங்க தம்பி. இருக்கிற ஊட்டையும் வித்துப்புட்டு மலையடிவாரத்துல போயிக் குந்திக்கிட்டா, ராத்திரியில ஒடம்புக்கு ஒன்னுன்னா யாரு வந்து பாக்குறது?"

பழந்தமிழில் 'யான்' என்றால் 'நான்' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அந்தப் பெயர் கொண்ட ஊருக்குப் போகும் விஷயத்தில் பெரியவர் 'நான்' என்கிறார், அண்ணி 'நாம்' என்கிறார். இந்த ஒரு வீட்டில் மட்டும் நடக்கும் பேச்சு அல்ல இது. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களில் இன்று நடக்கிறது. ஆகவே பாட்டாளி நண்பர்களே, சற்று நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் வெயில். "முன்னெல்லாம் இப்படிச் சூடு இல்லே" என்று நம் பெரியவர்கள் சொல்லாத நாளில்லை. அதில் உண்மை உண்டு. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் பெர்லிசிலும் கெடாவின் வட பகுதியிலும் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். ஆனால் நம் ஆட்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. அதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பால் வெட்டுக்காரன் எங்கே வாழ்ந்தான்? விடியுமுன் பிரட்டுக்கு நின்றான். இருட்டோடு இருட்டாக நிரைக்குப் போனான். உச்சி வெயிலுக்கு முன் பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தான். அத்தனை நேரமும் அவன் தலைக்கு மேலே கித்தாமரத்தின் இலைப்பந்தல். லயத்தைச் சுற்றியும் மரம்தான். ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாய் நிற்கும் சில வாரங்களில்தான் வெயில் என்றால் என்னவென்று தோட்டத்தானுக்குத் தெரியும். அப்போதுகூட, "இன்னும் கொஞ்ச நாள்தான், தளிர் விட்டுடும்" என்று இருந்துவிடுவோம்.

அந்த நிழல் போய்விட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டமாகிறது. லயத்தைக் காலி செய்தவர்களுக்குக் கிடைப்பது மலிவு விலை வரிசை வீடு. முன்னால் சிமெண்டு, பின்னால் சிமெண்டு, மேலே கூரை ஓடு, நடுவில் நாம். ஒரு முருங்கைக்கன்று நடக்கூட இடமில்லை. நாட்டின் சூடு ஒரு பங்கு கூடியதென்றால், நிழலை விட்டு வந்ததால் நம் சூடு இரண்டு பங்காகிவிட்டது.

வயதும் சேர்ந்துகொள்கிறது. முதுமையில் வியர்ப்பது குறையும். தாகம் எடுப்பதும் சரியாகத் தெரியாது. இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் உடம்பில் தண்ணீர் இன்னும் வற்றும். நாற்பது வயதில் தாங்கிய வெயிலை எழுபதில் தாங்க முடியவில்லை என்றால் அது சோம்பேறித்தனம் அல்ல. "சும்மா உக்காந்திருக்கிற மனுஷனுக்கு என்ன வெயிலாம்?" என்று வீட்டில் கேலி பேசுகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

சரி, யானுக்குப் போனால் குளிருமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு நானே போனேன். ஒரு பக்கம் கண்ணுக்கெட்டியவரை நெல்வயல், அதற்கப்பால் கடல். மறுபக்கம் ஜெராய் மலை. கடாரம் என்று நம் முன்னோர் பேசிய காலத்தில் கடலில் வந்த மரக்கலங்களுக்கு அடையாளமாய் நின்ற மலை அது. உயரம் 1,217 மீட்டர். தித்தி ஹாயுன், ஸ்ரீ பெரிகி என்று அருவிகள் இறங்கி வருகின்றன. தண்ணீரில் கால் வைத்தால் சிலிர்க்கிறது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. மலையில் நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குறையும். அப்படிப் பார்த்தால் ஜெராய் உச்சியில் ஏழு டிகிரி அளவுக்குக் குறையலாம். யான் பட்டணமோ அடிவாரத்தில் கிடக்கிறது, கடல் மட்டத்தைவிட அதிகம் உயர்ந்ததில்லை. காற்றின் சூட்டை மட்டும் அளந்தால் சுங்கைப்பட்டாணிக்கும் யானுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அங்கே நாம் உணரும் குளுமை மரத்தாலும் தண்ணீராலும் வருவது. அதாவது பெரியவர் தேடிப்போனது புதிய சீதோஷ்ணத்தை அல்ல, இழந்துபோன தோட்டத்து நிழலை. இதை அவரிடம் சொன்னேன். "அதுதான் தம்பி எனக்கு வேணும்" என்றார். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

அண்ணி கேட்டதுதான் சரியான கேள்வி: "இந்தத் தண்ணி எப்பவும் இப்படியேதான் இருக்குமா?"

இருக்காது. 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி ஜெராய் மலைமேல் பெய்த கடும் மழையில், மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்று சொல்லும் காட்டாற்று வெள்ளம் திடீரென்று இறங்கியது. சேறும் பாறையும் பெரிய பெரிய மரங்களும் புரண்டு வந்தன. அடிவாரத்தில் வீடுகள், கடைகள் சேதமடைந்தன. ஆறு உயிர்கள் போயின. கீழே மழை இல்லாதபோதும் மேலே கொட்டினால் போதும், தண்ணீர் வந்துவிடும். இளவட்டங்கள் ஓடிப் பிழைப்பார்கள். முட்டிவலிக்காரர் என்ன செய்வார்? 'அருவித் தண்ணி ஓடுற எடம்' என்று நிலத்தரகர் சொல்லும்போது, 2021இல் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று பக்கத்துக் கம்பத்துக்காரரைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்கக் கூடாது. கெடாவில் மலைக் காற்று வேண்டுமென்றால் ஆற்றங்கரையை விட்டுத் தள்ளி, மேட்டு நிலமாகப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

மூத்த மகன் ஈப்போவில் வேலை செய்கிறார். அவருடைய யோசனை வேறு: "கேமரன் மலைக்குப் போயிடுங்கப்பா." அங்கே உண்மையிலேயே குளிர்தான். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார்கள் வெயில் தாங்காமல் கேமரன் மலை, பிரேசர் மலை, பினாங்கு மலை என்று ஏறிப் படுத்த காலம் ஒன்று இருந்தது. அவர்கள் ஓய்வெடுத்த மலையில் நம்மவர்கள் தேயிலை கிள்ளினார்கள். போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். துரை எடுத்த ஓய்வைத் தொழிலாளியும் எடுக்கட்டுமே என்று எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே குளிரோடு ஈரமும் சேர்ந்தே இருக்கும். மழையும் பனிமூட்டமும் அதிகம். இளைப்பு நோய்க்காரருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் அது ஒத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட முடியாது. அண்ணிக்கு இரண்டும் உண்டு. பெரிய வைத்தியத்துக்கு மலைப்பாதையில் இறங்கி ஈப்போவுக்கு ஓடவேண்டும். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

உலகத்தைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கிறது. குளிர் தேசத்துக்காரர்கள் வெயிலைத் தேடி நம் நாட்டுக்கு வருகிறார்கள். ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்க 1996இல் ஒரு திட்டம் வந்தது, 2002இல் அது 'மலேசியா எனது இரண்டாவது வீடு' என்று ஆனது. பினாங்குக் கடற்கரையில் அவர்கள் வெயில் காய்கிறார்கள். சுங்கைப்பட்டாணியில் நாம் நிழலுக்கு அலைகிறோம்.

இன்னொரு வாசலும் உண்டு. 'ஊருக்கே போய்விடலாமா?' பெரியவரின் அண்ணன் 1970இல் ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கியவர். போனது காற்று மாற்றத்துக்காக அல்ல. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்த காலம் அது. தோட்டத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் சுமார் 60,000 பேர் என்று எழுதியிருக்கிறார்கள். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் அவர் கட்டிய ஓட்டுவீடு இன்னும் இருக்கிறதாம். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பக்கம் நாற்பது டிகிரியைத் தொடும். கெடாவில் முப்பத்துமூன்றுக்கே மூச்சு வாங்குகிறவர் அங்கே என்ன செய்வார்? மேலும், நாம் மலேசியக் குடிமக்கள். அங்கே தங்க விசா வேண்டும். வெளிநாட்டுக் குடிமகன் விவசாய நிலம் வாங்க இந்தியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாம். குடியிருப்பது வேறு கதை.

குளிர்ந்த மலையில் வாழ்ந்த தொழிலாளி கீழே இறங்க நேர்ந்தால் என்ன பாடு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை எஸ்டேட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களை, கம்பெனியின் குத்தகை 2028இல் முடிவதால், 2024இல் விருப்ப ஓய்வு கொடுத்து இறங்கச் சொன்னார்கள். கீழே போய் வாழ எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள். நமக்கோ நிழலிலிருந்து வெயிலுக்கு இறக்கம். ஊர்தான் வேறு. வேலை முடிந்தால் வீடும் போய்விடும் என்ற விதி எல்லாத் தோட்டத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

இனிப் பணம். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதியை எடுக்கலாம். வாழ்நாளில் பெரும்பகுதி நாட்கூலியாக, மழை பெய்தால் கூலி குறைவு என்று வேலை செய்தவர்களுக்கு அதில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அது ஒரே ஒரு முறை வரும் பணம். நிலத்தில் போட்டால் நிலம்தான், மறுபடி வராது. இருக்கும் வீட்டை விற்றுவிட்டால், யான் பிடிக்கவில்லை என்று திரும்பி வரும்போது அதே வீட்டை அதே விலைக்கு யாரும் தரப்போவதில்லை.

பெரியவரிடம் என் கருத்தை ஒளிக்காமல் சொன்னேன். "அண்ணே, விக்காதீங்க. நிலமும் வாங்காதீங்க. மூணு மாசத்துக்கு வாடகைக்கு ஒரு வீடு எடுங்க. டுரியான் காலத்துல, பேரப்பிள்ளைங்க லீவுக்கு வர்ற நேரத்துல போகாதீங்க. அப்ப எந்த ஊரும் நல்லாத்தான் இருக்கும். ஆகஸ்டுக்கு மேலே, மழை பிடிக்கிற மாசத்துல போயி இருந்து பாருங்க. அது தாங்கினா அடுத்த வருஷம் மார்ச்சுலயும் போங்க."

மூன்று மாதத்தில் பார்க்கவேண்டியது காற்றை மட்டுமல்ல. யானில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் இருதய வைத்தியத்துக்கோ கண் அறுவைக்கோ சுங்கைப்பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ போகவேண்டும், முப்பது கிலோமீட்டருக்கு மேல். பெரியவருக்கு ஒரு கண்ணில் புரை. ராத்திரியில் மோட்டார் சைக்கிள் ஓட்டமாட்டார். அண்ணிக்குத் தமிழ் பேச ஆள் வேண்டும். தோட்டத்தில் நாற்பது வருஷம் கூடவே பால் வெட்டிய பெண்கள் இன்று அதே தாமானில்தான் நாலு வீடு தள்ளி இருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல்படியில் உட்கார்ந்து அவர்கள் பேசும் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். அதை எந்த அருவிக்கரையில் வாங்குவது?

இதற்கிடையில் இருக்கும் வீட்டையும் கொஞ்சம் கவனித்தோம். மகன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட, கூரைக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தாள் விரித்தாயிற்று. முன்வாசலில் கம்பி கட்டி பீர்க்கங்கொடி ஏற்றியிருக்கிறார் அண்ணி. சிமெண்டுத் தரையில் பழைய தொட்டி வைத்து, மண் போட்டு வளர்த்த கொடி. சென்ற முறை நான் போனபோது அதன் கீழே நாற்காலி போட்டுத்தான் காப்பி கொடுத்தார்கள். ஏர்கோன் வாங்கலாமா என்றும் பேச்சு வந்தது. கரண்டு பில்லை நினைத்துப் பெரியவரே வேண்டாம் என்றுவிட்டார்.

இதை எழுதும்போது அவர்கள் இருவரும் யானில்தான் இருக்கிறார்கள், ஆற்றிலிருந்து தள்ளி மேட்டில் ஒரு பலகை வீட்டில், மாத வாடகைக்கு. பெரியவர் காலையில் பசாருக்கு நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்து படிக்கிறாராம். இரவில் நன்றாகத் தூங்குகிறாராம். அண்ணி வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி சுங்கைப்பட்டாணி வருகிறார். கோவிலுக்குப் போய்விட்டு, வீட்டைத் திறந்து கூட்டி, பீர்க்கங்கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பெரிய பாத்திரங்களை இன்னும் யானுக்கு எடுத்துப் போகவில்லை. கேட்டால், "பாப்போம் தம்பி, இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல" என்கிறார்.