நீல டிராகன்

நீல டிராகன் (கிளாக்கசு அட்லாண்டிக்கசு) என்பது திறந்த கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் ஓடில்லாக் கடல் நத்தை ஆகும். மெல்லுடலிகள் தொகுதியைச் சேர்ந்த இது ஏறத்தாழ 3 செ.மீ. நீளம் வரை வளரும். வயிற்றில் காற்றை அடக்கித் தலைகீழாக மிதப்பதால், மேலே தெரியும் நீல நிறப் பகுதி உண்மையில் இதன் அடிப்புறமாகும்.

கொட்டும் தன்மை

சொறிமுட்டையைப் போலக் கொட்டினாலும், கொட்டும் நுண்ணுறுப்புகளை இது தானே உருவாக்குவதில்லை. சொறிமுட்டையை ஒத்த பைசாலியா, நீலப் பொத்தான் முதலிய கூட்டுயிரிகளை உண்டு, அவற்றின் கொட்டும் நுண்ணுறுப்புகளைச் செரிக்காமல் தன் விரல் போன்ற கிளைகளின் நுனியில் சேமித்து வைக்கிறது.

சென்னையில்

2023 திசம்பரில், மிக்ஜாம் புயலுக்குப் பின்னர், சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன்கள் கரையொதுங்கின. இவை பெரும்பாலும் காற்றும் நீரோட்டமும் இட்டுச் செல்லும் திசையிலேயே நகர்வதால், பலத்த காற்று இவற்றைக் கரைக்குத் தள்ளிவிடுகிறது. இவற்றின் இரையான பைசாலியாவும் நீலப் பொத்தானும் அவ்வாறே மிதப்பவை என்பதால் உடன் ஒதுங்கக்கூடும். எனவே தாம்பரம் முதலிய தென்புறநகர்களிலிருந்து கடற்கரைக்குச் செல்வோர் புயலை அடுத்த நாட்களில் கவனமாக இருத்தல் நன்று.

முன்னெச்சரிக்கை

உயிரி இறந்த பின்னரும் அதன் கொட்டும் நுண்ணுறுப்புகள் செயற்படும். ஆதலால் மணலில் கிடப்பவற்றையும் வெறுங்கையால் தொடலாகாது. கொட்டிய இடத்தைத் தேய்க்கக்கூடாது. ஒட்டியிருப்பதை இடுக்கியால் அகற்றிய பின், சுமார் 45 பாகை செல்சியசு வெந்நீரில் அமிழ்த்தி வைப்பது வலியைத் தணிக்கும். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனடியாக மருத்துவ உதவி பெற வேண்டும்.