புளியமரத்தடி ஜீப் புறப்பட்ட கதை



நம்ம சுவரிதழில் ராக்கெட், செயற்கைக்கோள், கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் படித்திருப்பீர்கள். நான் எழுதப்போவது எங்கள் வீட்டுப் புளியமரத்தடியில் பத்து வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்ற ஒரு ஜீப்பைப் பற்றி. அதை வீட்டிலேயே எப்படிச் சரிசெய்தோம், அதில் நான் என்ன கற்றுக்கொண்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

இது என்ன ஜீப்?

இரண்டாம் உலகப்போரில் மேடு, பள்ளம், சேறு எதுவானாலும் போகிற சின்ன வண்டி ஒன்று அமெரிக்க ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. வில்லீஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் 1941 முதல் 1945 வரை சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேலே ஜீப்புகள் செய்து கொடுத்தன. போர் முடிந்ததும் பொதுமக்களுக்கான ஜீப்புகள் வந்தன. அவைதான் ‘சி.ஜே.’ வகை. சி.ஜே. என்றால் சிவிலியன் ஜீப். நம் நாட்டில் 1947-லிருந்து மஹிந்திரா கம்பெனி வில்லீஸ் ஜீப்புகளைக் கோர்த்து விற்க ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் இருப்பது 1968-ஆம் வருஷத்து சி.ஜே.3பி. பெட்ரோல் வண்டி. 2.2 லிட்டர் இன்ஜின், நாலு சிலிண்டர். இதன் மூக்கு மட்டும் மற்ற ஜீப்பை விட உயரமாக இருக்கும். ஏன் தெரியுமா? முந்தைய இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருந்தன. இதில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வை மேலே ஹெட்டில் வைத்துவிட்டார்கள். இன்ஜின் உயர்ந்ததால் போனட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. அதில் தாத்தா முப்பது வருஷம் இந்த ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போனவர்.

ஏன் நின்றது?

2014-ல் ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. நல்லவேளை, வண்டியில் தாத்தா மட்டும்தான். கியரைக் குறைத்து, பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் மலைப் பக்கம் பாறையில் உரசி நிறுத்திவிட்டார். நெற்றியில் மூன்று தையல். நான் அப்போது பால்வாடி போய்க்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாள் முன்னால்தான் எங்க தெரு மெக்கானிக் மாமா பிரேக்குக்குப் புது ‘கிட்’ போட்டிருந்தார். “அவன் ஒழுங்கா வேலை பார்க்கலை, என்னைக் கொல்லப் பார்த்தான்” என்று தாத்தா டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஜீப்பும் புளியமரத்தடிக்கு வந்து நின்றது.

போன வருஷம் பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு விலை பேசினார். அப்பா சரி என்கிற நிலைமை. தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. “இந்தக் கோடை லீவு மட்டும் டைம் குடுங்கப்பா, நானும் தாத்தாவும் பார்க்கிறோம்” என்று நான் கேட்டேன். அப்பா சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதல் பாடம்: நிற்கத் தெரிந்தால்தான் ஓடலாம்

நான் நேரே இன்ஜினைக் கிளப்பலாம் என்று ஓடினேன். தாத்தா தடுத்தார். “டேய், ஓடுற வண்டியை நிறுத்த முடியலைன்னா அது வண்டி இல்லடா, உருட்டி விட்ட பாறை. முதல்ல பிரேக்கு, அப்புறம் ஸ்டியரிங்கு, கடைசிலதான் இன்ஜினு.” இந்த வரிசையை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பிக்கும் முன் மூன்று கட்டளை போட்டார்:

1. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதே. கனமான மரக்கட்டை முட்டுக் கொடு. செங்கல், ஹாலோ பிளாக் வைக்காதே, நொறுங்கிவிடும்.
2. டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. பழைய பெட்ரோல் முழுதும் இறக்கும் வரை பக்கத்தில் நெருப்பே கூடாது.
3. பிரேக் தூசியை வாயால் ஊதாதே. பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் இருக்கும். அது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடை.

துருவுக்குப் புளித்தண்ணி

நெகிழாத போல்ட்டுகளுக்கு டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு மூன்று நாள் விட்டோம். கழட்டிய சின்னச் சாமான்களைப் புளிக்கரைசலில் ஊறப்போட்டோம். அப்பத்தா பித்தளைக் குடம் விளக்குகிற அதே முறைதான்! புளியில் உள்ள அமிலம் துருவைக் கரைக்கிறது. எடுத்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாளே மறுபடி துருப்பிடிக்கும். பாடியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தோம். துரு மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளேயே அரித்துக்கொண்டு போகும் என்பது அப்போதுதான் புரிந்தது.

பிரேக்கைத் திறந்தோம்

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் அழுத்தப்படுகிறது. நாம் படித்த பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் குழாய் வழியாக நாலு சக்கரத்துக்கும் போகிறது. அங்கே வீல் சிலிண்டரில் உள்ள ரப்பர் வாஷரையும் பிஸ்டனையும் தள்ளி, பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்துகிறது. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழிதான். ஒரு இடத்தில் கசிந்தாலும் நாலும் போச்சு! (இப்போது வரும் வண்டிகளில் இரண்டு தனித்தனி வழி இருக்கிறது.)

வீல் சிலிண்டரைத் திறந்தபோது தாத்தா முகர்ந்து பார்த்தார். “இது பிரேக் ஆயில் வாடை இல்லையே...” என்று முணுமுணுத்தார். உள்ளே இருந்த ரப்பர் வாஷர், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி உப்பி, கொழகொழவென்று இருந்தது. மதுரையிலிருந்து வாங்கி வந்த புது வாஷரைப் பக்கத்தில் வைத்தேன். ஒரே அளவு வாஷர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தாத்தா எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு புது வாஷர்களை எடுத்தேன். ஒரு பாட்டிலில் பிரேக் ஆயில், இன்னொன்றில் இன்ஜின் ஆயில். ஆளுக்கொரு வாஷர் போட்டு மூடி வைத்தேன். அறிவியல் சாரிடம் கேட்டு வாங்கிய வெர்னியர் காலிப்பரால் முன்னாலேயே அளந்து வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அளந்தால், பிரேக் ஆயிலில் கிடந்த வாஷர் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இன்ஜின் ஆயிலில் கிடந்தது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருந்தது!

காரணம் இதுதான். இன்ஜின் ஆயில் பூமியிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெய். பிரேக் ஆயில் வேறு வகை ரசாயனம். பெயரில் மட்டும்தான் ‘ஆயில்’. பிரேக் வாஷர் ரப்பர் கனிம எண்ணெயை உறிஞ்சி உப்பிவிடும். முதலில் பிரேக் பிடித்தபடி இறுகும். பிறகு ரப்பர் நைந்து கசியும்.

இரண்டு பாட்டிலையும் தாத்தா முன்னால் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எஸ்டேட்ல வச்சு ஆயில் குறைஞ்சிருந்துச்சுடா. கையில பிரேக் ஆயில் இல்லை. எண்ணெய் எண்ணெய்தானேன்னு இன்ஜின் ஆயிலை நான்தான் ஊத்தினேன். நாலாம் நாள்தான் பிரேக் போச்சு.”

அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினார். நான் கூட வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை ஆறு மணிக்கு மெக்கானிக் மாமா எங்கள் வாசலில் ஸ்பேனர் பையோடு நின்றார்.

“அண்ணே, நீங்க பெடல்ல உட்காருங்க. நான் ஏர் எடுக்கிறேன்” என்றார்.

ஏர் எடுப்பது என்றால் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுவது. காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி இருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து, ஒருவர் மிதிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். “அமுக்குங்கண்ணே... பிடிங்க... ம், விடுங்க.” அன்று காலை முழுவதும் எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்தான். உப்பிய ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களையும் சுத்தம் செய்த பிறகுதான் இதைச் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

37 சுற்றுக் கணக்கு

இந்த ஜீப்பில் கியர் லிவரைத் தவிர இன்னும் இரண்டு குட்டி லிவர் உண்டு. ஒன்று முன் சக்கரத்துக்கும் சக்தி கொடுக்க. இன்னொன்று ‘லோ’ போட. லோவில் ஃபர்ஸ்ட் கியர் போட்டால் இன்ஜின் எத்தனை சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்? எண்ணிப் பார்த்துவிடலாம் என்று, பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சாக்பீஸால் கோடு போட்டேன். கிராஸ் மாற்றுவதற்காக முன் ஜாயிண்ட் ஷாஃப்டைக் கழட்டி வைத்திருந்ததால் வசதியாகப் போயிற்று. பிளக்கைக் கழட்டிவிட்டு ஹேண்டிலால் சுற்றினேன். பதினெட்டரை வந்தது.

ஆனால் மாமா கணக்கு வேறு சொன்னார். கியர் 2.8, லோ 2.46, பின் ஆக்ஸிலில் 8 பல் சக்கரம் 43 பல் சக்கரத்தைச் சுற்றுவதால் 5.38. மூன்றையும் பெருக்கினால் சுமார் 37. என் கணக்கு ஏன் சரிபாதி?

அறிவியல் சார்தான் விடை சொன்னார். “இன்னொரு சக்கரம் தரையில நின்னுச்சா? அப்ப அதுக்குச் சேர வேண்டிய சுற்றும் தூக்கின சக்கரத்துக்கே போயிருக்கும். அதான்ப்பா டிஃபரன்ஷியல்!” வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும். அதற்காக இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இந்த அமைப்பு விடுகிறது. இதே காரணத்தால்தான் ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வெட்டியாகச் சுற்றுகிறது. அப்போது முன் ஆக்ஸிலுக்கும் சக்தி கொடுத்தால் வண்டி வெளியே வருகிறது.

37 சுற்றுக்கு ஒரு சுற்று என்றால் வேகம் குறைகிறது, இழுவை கூடுகிறது. ஏற்றத்துக்கு மட்டுமல்ல, இறக்கத்திலும் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக்கூடாது. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் போகும். இரண்டு ஆக்ஸிலும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் பல் சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விடுவித்துவிடும்.

கடைசியாக இன்ஜின்

இறுகிப்போன சிலிண்டருக்குள் ஆயில் விட்டு ஒரு வாரம் கழித்து மெதுவாகச் சுற்றினோம், விட்டுக்கொடுத்தது. கார்பரேட்டரைக் கழுவினோம். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாயைத் தூக்கிப்போட்டு அதற்கேற்ற புதுக்குழாய் போட்டோம். பாயிண்ட் இடைவெளி அரை மில்லிமீட்டர். பிளக் வயர் வரிசை 1, 3, 4, 2.

ஹேண்டில் அடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். சுற்றிப் பிடித்தால், இன்ஜின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறிந்துவிடும். தாத்தா என்னை அடிக்க விடவில்லை. மாமாதான் அடித்தார். ஏழாவது அடியில் ‘டப்... டப்... டப்’ என்று பிடித்தது. புளியமரத்துக் காக்கா எல்லாம் பறந்தன. அப்பத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

ஜீப் இப்போதைக்கு எங்கள் தோப்புக்குள் மட்டும்தான் ஓடுகிறது. ரோட்டில் ஓட்டப் பேப்பர் வேலை பாக்கி. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ பதிவு என்று 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. எந்த வழி நல்லது என்று அப்பா விசாரித்துக்கொண்டிருக்கிறார். இரும்புக்காரர் மறுபடி வந்தபோது அப்பாவே “விக்கிறதா இல்லைங்க” என்று சொல்லிவிட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டில் டி.வி.எஸ். ஃபிஃப்டி, தையல் மெஷின், பம்ப் செட் என்று ஏதாவது ஓடாமல் கிடக்கும். தூக்கிப் போடும் முன் பெரியவர்களைக் கூட வைத்துக்கொண்டு ஒருமுறை திறந்து பாருங்கள். இது யார் தப்பு என்று தேடுவதைவிட, எதனால் ஆயிற்று என்று தேடினால் சீக்கிரம் விடை கிடைக்கும்.

அந்த இரண்டு பாட்டிலையும் நம் அறிவியல் ஆய்வகத்தில் ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள். மூடியைத் திறக்காதீர்கள்!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்