வீட்டுக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம்... நிலம் உள்வாங்காமல் தடுக்க முடியுமா?

2017 ஜூன் 15. ஜார்க்கண்டில் தன்பாத் - சந்திரபுரா இடையே 34 கிலோமீட்டர் ரயில் பாதையை ரயில்வே மூடியது. வெள்ளம் இல்லை, விபத்தும் இல்லை. பாதைக்கு அடியில் நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. தண்டவாளம் எப்போது வேண்டுமானாலும் மண்ணுக்குள் இறங்கிவிடலாம் என்ற பயம்தான் காரணம். காட்பாடி, சேலம், ஈரோடு வழியாகப் போகும் தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸ் நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வண்டி. அதுவும் இந்தப் பாதையில் ஓடியதுதான். பாதை மறுபடி திறந்தது 2019 பிப்ரவரியில்.

திருச்சி பொன்மலையில் ரயில்வே பணிமனையைச் சுற்றி வாழ்கிறவர்களுக்குத் தண்டவாளம் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. ஜல்லி ஒரு பக்கம் லேசாக இறங்கினாலே வண்டியின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்படியிருக்க, பாதைக்கு அடியில் இருக்கும் பூமியே இறங்கினால்?

நிலம் ஏன் உள்வாங்குகிறது?

அடுக்கி வைத்த மூட்டைகளில் அடி மூட்டையை உருவினால் மேலே இருப்பவை சரியும் இல்லையா? அதேதான். நிலக்கரி பூமிக்குள் பாய் விரித்தது மாதிரி படுகையாகக் கிடக்கிறது. அதை வெட்டி எடுத்த இடம் காலியாகிறது. மேலே உள்ள பாறை உடைந்து அந்தக் காலி இடத்தில் விழும். அதற்கு மேலே உள்ளது வளையும். கடைசியில் தரைமட்டமே இறங்கும்.

எவ்வளவு இறங்கும்? 3 மீட்டர் தடிமன் உள்ள படுகையை முழுசாக எடுத்துவிட்டு, கூரையை அப்படியே விழவிட்டால், மேலே நிலம் ஒன்றரை மீட்டருக்கு மேல்கூட இறங்கலாம். ஆழமான சுரங்கம் என்றால் பெரிய தாம்பாளம் போல மெதுவாகப் பள்ளமாகும். ஆழம் குறைந்த பழைய சுரங்கங்களில்தான் ஆபத்து அதிகம். அங்கே திடீரென்று கிணறு மாதிரி குழி விழும். 2017 மே மாதம் ஜாரியாவில் அப்படித் திறந்த ஒரு குழியில் ஒரு அப்பாவும் மகனும் விழுந்து இறந்தார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வீடு மொத்தமாக ஒரே அளவில் இறங்கினால் சேதம் குறைவு. ஒரு மூலை இறங்கி இன்னொரு மூலை இறங்காமல் நின்றால்தான் சுவர் பிளக்கும். பள்ளத்தின் விளிம்பில் நிலம் இழுபடும், நடுவில் நெருக்கப்படும். அதனால் சுரங்கத்துக்கு நேர் மேலே இல்லாத வீட்டிலும் விரிசல் வரும். பிரிட்டன் சுரங்கங்களில் இந்தப் பாதிப்பு சுமார் 35 டிகிரி சாய்வில் வெளியே பரவும் என்று கணக்கிட்டார்கள். அதாவது 100 மீட்டர் ஆழத்தில் வெட்டினால், சுரங்கத்தின் எல்லையைத் தாண்டி 70 மீட்டர் தள்ளி இருப்பவரும் பாதிக்கப்படலாம்.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வழி, எடுக்காமல் விடுவது. நிலக்கரியையே தூண் தூணாக விட்டுவிட்டு நடுவில் மட்டும் வெட்டுவார்கள். இந்தியச் சுரங்க விதிகளின்படி ரயில் பாதை, பொதுச் சாலை, கட்டடம் ஆகியவற்றின் அடியிலோ, 45 மீட்டர் தூரத்துக்குள்ளோ வேலை செய்ய வேண்டும் என்றால் சுரங்கப் பாதுகாப்புத் துறையின் முன் அனுமதி வேண்டும். பிரச்சினை எங்கே என்றால், அந்தத் தூண்களும் காசுதான். பிறகு வந்து அவற்றையும் சுரண்டி எடுக்கும் ஆசை யாரை விட்டது?

இரண்டாவது, எடுத்த இடத்தை நிரப்புவது. ஆற்று மணலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியாக உள்ளே இறக்குவார்கள். தண்ணீர் வடிந்துவிடும், மணல் கெட்டியாகத் தங்கும். ஒழுங்காக நிரப்பினால் நிலம் இறங்குவது படுகைத் தடிமனில் சுமார் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். மேலே சொன்ன 3 மீட்டர் படுகையில் அது 15 சென்டிமீட்டர்தான். காற்று புகாததால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறையும்.

ஆனால் மணலுக்கு எங்கே போவது? ஜாரியா, ராணிகஞ்ச் சுரங்கங்களுக்குத் தாமோதர் ஆற்று மணல் போனது. கொள்ளிடக் கரைக்காரர்களிடம் போய் "ஆற்று மணலை அள்ளிச் சுரங்கத்தில் கொட்டப் போகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வரும் என்று தெரியும்! ஓர் ஊரின் வீட்டைக் காப்பாற்ற இன்னோர் ஊரின் ஆற்றைத் தோண்டுகிற கதை அது.

அதனால்தான் இப்போது பேச்சு மாற்றுப் பொருள் பக்கம் திரும்பியிருக்கிறது. சத்தீஸ்கரின் கோர்பாவில் உள்ள சிங்காலி சுரங்கத்துக்கு மேலே ஊர்கள், உயர் அழுத்த மின்கம்பிகள், பொதுப்பணித்துறைச் சாலை எல்லாம் இருக்கின்றன. கூரையை விழவிட முடியாது. அனல்மின் நிலையச் சாம்பல், நொறுக்கிய பாறைக் கழிவு, சிமெண்ட் ஆகியவற்றைத் தண்ணீரில் குழைத்துப் பசை மாதிரி உள்ளே செலுத்தும் திட்டத்துக்கு, 2025-ல் சவுத் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனம் ரூ.7,040 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது.

கட்டடத்தின் பக்கமும் வேலை உண்டு. நீளமான கட்டடத்தை இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகக் கட்டுவது, தனித்தனி அஸ்திவாரத்துக்குப் பதில் ஒரே கான்கிரீட் பலகை போடுவது, தண்ணீர்க் குழாயில் வளையும் இணைப்பு வைப்பது. இதெல்லாம் சில சென்டிமீட்டர் அசைவைத் தாங்கும். ஒன்றரை மீட்டரைத் தாங்காது.

ஜாரியாவில் ஏன் முடியவில்லை?

அங்கே தீ முதன்முதலில் பதிவானது 1916-ல். 1970-களின் தொடக்கத்தில் தேசியமயமாகும் வரை பெரும்பாலும் தனியார் சுரங்கங்கள். நிரப்பாமல் விட்ட குகைகளுக்குள் காற்று புகுந்தது, நிலக்கரி தானாகச் சூடேறிப் பற்றியது. தாங்கி நிற்க வேண்டிய தூண்களே எரிந்தால் மேலே எது நிற்கும்? இனிமேல் மணல் கொட்டிப் பயனில்லை என்ற நிலையில் மிச்சம் இருக்கிற ஒரே வழி ஆட்களை இடம் மாற்றுவது. அதற்காக 2009-ல் ரூ.7,112 கோடியில் திட்டம் போட்டார்கள். முடியவில்லை. 2025 ஜூனில் ரூ.5,940 கோடியில் திருத்திய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வீடு மட்டும் போதாது, பிழைப்புக்கும் வழி வேண்டும் என்பதை இந்த முறை திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். பெல்காரியா குடியிருப்புக்குப் போனவர்கள் வேலைக்காகத் திரும்பவும் ஜாரியாவுக்கே அலைந்த பிறகு வந்த ஞானம் இது.

தமிழ்நாட்டில் இந்த ஆபத்து உண்டா?

திருச்சி, பொன்மலைக்கு அடியில் இருப்பது கடினப் பாறை, நிலக்கரி கிடையாது. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதுவும் திறந்தவெளிச் சுரங்கம். மேல் மண்ணை மொத்தமாக அகற்றிவிட்டு எடுப்பதால் வீட்டுக்கு அடியில் குகை உருவாகாது. அங்கே பிரச்சினை வேறு: வீடும் வயலும் முதலிலேயே போய்விடும், சுரங்கத்துக்காக நிலத்தடி நீரையும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திருச்சிக்குப் பக்கத்தில் பேச்சு எழுந்தது 2023-ல். அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, கடலூர் பக்கம் சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய 3 பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் வந்தன. தமிழ்நாடு எதிர்த்தது. அந்த ஏப்ரலிலேயே மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.