உங்களுக்குத் தெரியுமா? மில்லூர் கிட்டாரும் கோவைத் துள்ளலும்

★ ஜே.பி. சந்திரபாபுவும் கே. ஜமுனாராணியும் பாடிய 'குங்குமப்பூவே' அசல் கோவைச் சரக்குங்க! 1959-இல் வந்த 'மரகதம்' படத்துப் பாட்டு அது. தயாரிப்பு கோவை பட்சிராஜா ஸ்டுடியோ. இயக்கியவர் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. (இனிஷியலும் ஒன்று, பின்னொட்டும் ஒன்று, ஆள் வேறு வேறு.) டி.எஸ்.டி. சாமியின் 'கருங்குயில் குன்றத்துக் கொலை' என்ற நாவல்தான் படத்தின் கதை. கொலைக் கதைக்கு நடுவே இப்படி ஒரு குதியாட்டம்! சிவாஜியும் பத்மினியும் நடித்த அந்தப் படத்தின் கதையைக் கேட்டால் பலரும் முழிப்பார்கள். பாட்டைத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து பாடுவார்.

★ தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த சந்திரபாபு, தொண்டையை மேலும் கீழும் உடைத்துப் பாடும் 'யோடலிங்'கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் அதை இசைத்தட்டுகளில் பரப்பிய ஜிம்மி ராஜர்ஸ், பாட்டையே பிழைப்பாக்கிக்கொள்வதற்கு முன் ரயில்வேயில் வேலை பார்த்தவர்.

★ கோவையில் சினிமாவை வளர்த்ததில் பஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு. 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலைக்குப் பிறகு மில்கள் மெதுவாகத்தான் பெருகின. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஊர் முழுக்கக் கதிர்கள் சுழன்றன. அதே பத்தாண்டில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது. அதில் பணம் போட்டவர்களில் மில் முதலாளிகள் உண்டு. 1914-இல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட்டும் உண்டு. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' (1947) ஜூபிடர் பிக்சர்ஸ் அந்த ஸ்டுடியோவில் எடுத்த படம்தான்.

★ இனிக் கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வருவோம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கெர்ஷா என்றொரு சிற்றூர். நம்ம சிங்காநல்லூர், பீளமேடு மாதிரி நூற்பும் நெசவுமாக இருந்த மில்லூர். அங்கே வளர்ந்தவர் ஆர்தர் ஸ்மித் (1921–2014). அப்பா ஆலைத் தொழிலாளி; ஷிப்ட் முடிந்தால் ஊர் பேண்டு வாத்தியக் குழுவுக்குத் தலைவர். மகன் முதலில் கையில் எடுத்தது டிரம்பெட். அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஜாஸ் வாசித்தார்கள், வயிறு நிறையவில்லை. ஊதுகருவிகளை ஓரங்கட்டிவிட்டுக் கிட்டாரையும் பிடிலையும் எடுத்துக்கொண்டு நாட்டுப்புறப் பாணிக்கு மாறினார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது ஸ்மித் கடற்படையில் இருந்தார். 1945-இல் அவர் பதிவு செய்த வாத்திய இசைதான் 'கிட்டார் பூகி'. பாட்டு வரி கிடையாது, பாடகர் கிடையாது. கிட்டார் ஒரே ஓட்டமாக ஓடும். 1948-இல் எம்.ஜி.எம். நிறுவனம் அந்தத் தட்டை மறுபடி வெளியிட்டபோது விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவர் பெயரே ஆர்தர் 'கிட்டார் பூகி' ஸ்மித் என்று ஆகிவிட்டது. நம்ம ஊரில் 'வெண்ணிற ஆடை' நிர்மலா, 'நிழல்கள்' ரவி இல்லையா, அந்த மாதிரி!

எனக்கு அந்தத் தட்டில் பிடித்தது வேகம் இல்லை. அவரைவிட வேகமாக வாசித்தவர்கள் பின்னால் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். எங்கேயும் அவர் மூச்சு வாங்குவது தெரியாது. வேடிக்கை பேசிக்கொண்டே வாசிப்பவர் போல இருக்கும். இன்று கேட்டாலும் கால் சும்மா இருக்காது.

★ பூகி பிறந்தது பியானோவில். இடது கை ஒரே அச்சில் எட்டு எட்டாக நடந்துகொண்டே இருக்க, வலது கை மேலே விளையாடும். 1928-இல் 'பைன்டாப்' ஸ்மித் என்ற கறுப்பினப் பியானோக் கலைஞர் பதிவு செய்த தட்டுதான் 'பூகி வூகி' என்ற பெயரை ஊரறியச் செய்தது. அடுத்த ஆண்டே சிகாகோவில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து அவர் இறந்தார். வயது 24. பியானோவின் இடது கை வேலையைக் கிட்டாரின் தடித்த கம்பிகளுக்கு மாற்றியவர்களில் ஆர்தர் ஸ்மித் ஒருவர்.

★ பூகியின் தாளம் கொங்குக் காலுக்கு அந்நியம் இல்லை என்பது என் கட்சி. ஒவ்வொரு தாளத் தட்டையும் மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டையும் சேர்த்து இழுத்து, மூன்றாவதைச் சுண்டிவிட்டால் அதுதான் 'ஷஃபிள்'. தகிட, தகிட என்று சொல்லி நடு எழுத்தை விழுங்கிப் பாருங்க, வந்துவிடும். நம்ம கும்மிப் பாட்டுகள் பெரும்பாலும் அதே திஸ்ர நடையில்தான் துள்ளுகின்றன. மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் மூச்சுமுட்ட வேகமெடுக்கும் வள்ளி ஒயில் கும்மியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அந்தக் கும்மிக்காக மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்ரப்பனுக்கு 2024-இல், அவரது 87-ஆம் வயதில், பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்.

★ காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1965-இல் அண்ணன்மார் சாமி கதையை இரவு இரவாக டேப்பில் பதிவு செய்தவர் மானிடவியலாளர் பிரெண்டா பெக். உடுக்கையோடு சேர்ந்த கதைப்பாட்டு இப்படி முழுசாக நாடாவில் ஏறியது கொங்கு மண்ணுக்குக் கிடைத்த பெரும் அதிர்ஷ்டம்.

★ இந்தித் திரையில் கிட்டாரும் பூகியும் கலந்த துள்ளலுக்கு வழி திறந்தவர் சி. ராம்சந்திரா. 'ஷெஹ்னாய்' (1947) படத்துப் பாட்டில் தொடங்கி 'ஆஷா' (1957) படத்து 'ஈனா மீனா டீக்கா' வரை அவர் கைவரிசைதான். இந்த மனிதர் இசையமைப்பாளராகக் காலடி வைத்தது தமிழில்! 'ஜயக்கொடி', 'வனமோகினி' (1941) ஆகியவை அவருடைய தொடக்க காலப் படங்கள்.

பிறகு கோவையே அவரைத் தேடிப் போனது. நாமக்கல் கவிஞர் எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலை 1954-இல் எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக எடுத்து வென்ற ஸ்ரீராமுலு நாயுடு, அதையே இந்தியில் 'ஆஸாத்' (1955) என்று எடுத்தார். திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தார்கள். முதலில் நௌஷாத்திடம் போய் ஒரு மாதத்துக்குள் பாட்டெல்லாம் வேண்டும் என்று கேட்டாராம்; அவர் முடியாது என்றுவிட்டார். ராம்சந்திரா சரி என்றார். அந்த அவசரத்தில் பிறந்த 'அப்லம் சப்லம்' பாட்டுக்குத் திரையில் ஆடியவர்கள் நம்ம சாயி – சுப்புலட்சுமி. திலீப் குமாருக்கு அந்த ஆண்டின் பிலிம்பேர் விருதையும் வாங்கித் தந்தது இந்தக் கோவைப் படம்.

★ பால் மெக்கார்ட்னி 1957 அக்டோபரில் ஜான் லெனனின் குழுவோடு முதன்முறை மேடை ஏறினார். அவருக்குத் தனி ஆவர்த்தனமாகக் கொடுக்கப்பட்டது 'கிட்டார் பூகி'. விரல் ஒட்டிக்கொண்டது, சொதப்பிவிட்டார். அதற்கப்புறம் பீட்டில்ஸில் அவருக்கு நிலைத்தது பேஸ் கிட்டார்!

★ ஆர்தர் ஸ்மித் 1955-இல் பதிவு செய்த பாஞ்சோ இசை ஒன்று, 'டெலிவரன்ஸ்' (1972) என்ற ஹாலிவுட் படத்தில் அவரைக் கேட்காமலே ஒலித்தது. வார்னர் பிரதர்ஸ் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். சார்லட் நகரில் அவர் நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் 1965-இல் ஜேம்ஸ் பிரவுன் தன் பெரிய வெற்றிப் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார்.

★ சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஆபீஸ் பையனாக எடுபிடி வேலை பார்த்த ஒரு பாலக்காட்டுப் பையன் சுப்பையா நாயுடுவிடம் இசை கற்றார். அவர்தான் எம்.எஸ். விஸ்வநாதன். அதே நாயுடுவிடம் இருந்த இன்னொருவர் ஜி.கே. வெங்கடேஷ். பிற்காலத்தில் வெங்கடேஷின் குழுவில் கிட்டார் வாசித்து, அவருக்கு உதவியாளராகவும் இருந்தவர் பண்ணைப்புரத்து ராசையா, அதாவது இளையராஜா.

★ அந்த இளையராஜாவே கிட்டார்காரர் என்பதால் தன் கிட்டார் கலைஞர்களைச் சும்மா விடவில்லை. கடினமான வேலையாகக் கொடுத்தார். 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். டிரம்ஸ் புருஷோத்தமனின் சகோதரர். அந்தக் காலத்துக் கேசட் உறையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும், வாசித்தவர் பெயரைத் தேட வேண்டும். மேடைக் கச்சேரியில் கிட்டார் பிடிக்கும் எந்தப் பையனிடமும் அந்தத் துண்டை வாசிக்கச் சொல்லுங்க, உடனே வாசிப்பான். யார் வாசித்தது என்று கேளுங்க, "ராஜா சார்" என்பான். படம் 'பயணங்கள் முடிவதில்லை' (1982). எடுத்தவர் நம்ம கோவைத்தம்பி.

★ எம்.எஸ்.வி.யின் பல பாட்டுகளில் கிட்டார் வாசித்த பிலிப்ஸும் இப்படித் திரைக்குப் பின்னால் இருந்தவர்தான். ஒரே ஒரு ஆறுதல்: 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் பாட்டு ஒன்றுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக வைத்து, எம்.எஸ்.வி. இசைக்குழுவை நடத்துவதையும் காட்டியிருப்பார்கள். தாராபுரத்துக்காரர் நாகேஷ் ஆடுகிற ஆட்டத்தில் நம் கண் அவரை விட்டு நகராது. அடுத்த தடவை போடும்போது அவரைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வாத்தியக்காரர்களைப் பாருங்க.