திரைவாசிப்பான் வாய் மூடுவது ஏன்?

கண்பார்வையற்றோர் கணினியைக் கையாளுவது எங்ஙனம் என வியப்போர் இன்றும் உளர். திரையில் உள்ளவற்றைக் குரலாக மாற்றிச் செவிக்கு அளிக்கும் மென்பொருள் உண்டு. அதனைத் திரைவாசிப்பான் என்பர். வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும், தேர்வு முடிவை அறிவதும் இன்று பெரும்பாலும் உலாவியின் வழியாகவே நடைபெறுகின்றன. இடையில் அக்குரல் நின்றுவிடுமாயின் பார்வையற்றவர் பிறர் உதவியை நாட வேண்டும். கடவுச்சொல்லையும் பிறரிடம் சொல்ல நேரிடும். 'இவருக்குப் பழக்கம் போதாது' என்று அருகிலிருப்போர் கூறிவிடுவதும் உண்டு. பெரும்பாலும் குற்றம் அவருடையதன்று. அது எங்கே உள்ளது என்பதை அறியக் குரல் வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

திரைவாசிப்பான் நம்மைப் போலத் திரையைப் பார்ப்பதில்லை. உலாவி ஒரு பக்கத்தைத் திறக்கும்போது கண்ணுக்குரிய தோற்றத்தோடு, கண்ணுக்குத் தெரியாத பட்டியல் ஒன்றையும் அமைக்கிறது. இது தலைப்பு, இது இணைப்பு, இது பொத்தான் எனக் கிளை கிளையாய் விரிவதால் அதற்கு அணுகல் மரம் என்று பெயர். திரைவாசிப்பான் வாசிப்பது அம்மரத்தையே. எழுத்தறியாத முதியவருக்குக் கடிதம் வருவதாகக் கொள்வோம். எழுதியவர் ஒருவர், கொண்டுவரும் தபால்காரர் ஒருவர், படித்துக் காட்டும் சிறுவன் ஒருவன். பக்கத்தை ஆக்கியவர், உலாவி, திரைவாசிப்பான் ஆகிய மூவரும் அவ்வாறே. மூவரில் எவர் தவறினும் முதியவருக்குச் செய்தி எட்டாது.

தபால்காரரின் பாதையே மாறிவிட்ட வரலாறு ஒன்று உண்டு. ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் 1989இல் டாஸ் கணினிகளுக்காக வெளிவந்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏவை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கர்ரன், தாமே பார்வையற்றவர். மரத்தின் ஒவ்வோர் இலையையும் வெளியிலிருந்து கேட்டுப் பெறுவதாயின் நெடுநேரம் பிடிக்கும். ஆகவே இத்தகைய மென்பொருள்கள் தம் நிரலின் ஒரு பகுதியை உலாவிக்குள்ளேயே இருத்தி, அங்கிருந்து விரைந்து வாசித்து வந்தன. உலாவி ஒரே அறையாய் இருந்தவரை இம்முறைக்குக் குறையில்லை.

2016 முதல் ஃபயர்பாக்ஸ் உலாவி தன்னைப் பல அறைகளாகப் பிரித்துக்கொண்டது. ஒரு பக்கம் நிலைகுலைந்தால் உலாவி முழுவதும் வீழாதிருக்கவும், தீய பக்கம் கணினியைத் தீண்டாதிருக்கவும் செய்த ஏற்பாடு அது, நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் முன்னறையில் அமர்ந்திருந்த திரைவாசிப்பானின் நிரலுக்குப் பக்கம் எட்டாத இடத்திற்குப் போய்விட்டது. ஒவ்வொரு கேள்வியும் அறை கடந்து சென்று திரும்ப வேண்டும். பெரிய பக்கமொன்றில் ஆயிரக்கணக்கான இலைகள் உண்டு. 2017 நவம்பர் 14இல் வெளிவந்த 57ஆம் பதிப்பை விரைவு மிக்கது எனப் பலர் பாராட்டினர். பார்வையுள்ளோர்க்கு வேகம் கூடிய அந்நாளே பார்வையற்றோர்க்கு வேகம் குறைந்த நாளாயிற்று. திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் சிறிது காலம் பழைய 52ஆம் நீண்டகாலப் பதிப்பிலேயே இருக்கலாம் என்று அதனை ஆக்கிய மொசில்லாவே சொல்ல நேர்ந்தது. மரத்தின் படியொன்றை முன்னறையிலேயே எப்போதும் வைத்திருக்கும் புதிய அமைப்பு 2023 மே மாதம் 113ஆம் பதிப்பில்தான் வந்தது. ஐந்தரை ஆண்டு என்பது மாணவன் ஒருவன் இடைநிலைப் பள்ளிப் படிப்பையே முடிக்கும் காலம்.

குரல் நின்றால் மூவரில் யார் தவறினார் என்று காண்பது எப்படி? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். அதே பக்கத்தை வேறோர் உலாவியில் திறந்தால் அங்கும் பேச்சில்லையா? பக்கத்தின் மீது ஐயங்கொள்ளலாம். அங்குப் பேசுமாயின் முதல் உலாவியின் பதிப்பையும் அதில் சேர்த்துள்ள நீட்சிகளையும் நோக்குக. பிறகு திரைவாசிப்பானை மாற்றுக. விண்டோசுடன் வரும் நெரேட்டர் இதற்குப் போதும். முன்னதை நிறுத்திய பின்பே அதனைத் தொடங்க வேண்டும். இரண்டும் ஒருங்கே பேசினால் ஒன்றும் விளங்காது.

பழுதே இல்லாமல் பழுது போலத் தோன்றுவனவும் உண்டு. என்விடிஏ பக்கத்தின் படியொன்றைத் தன்னிடம் வைத்து வாசிக்கிறது. பக்கம் மாறியும் படி மாறாதிருந்தால் பழைய செய்தியே கேட்கும். இன்சர்ட் விசையோடு எஃப் 5 அழுத்தினால் படி புதுப்பிக்கப்படும். அவ்வாறே உலாவும் முறை, எழுதும் முறை என இரண்டு உண்டு. உலாவும் முறையில் எச் என்னும் விசை அடுத்த தலைப்புக்குத் தாவும். பெயரை எழுத அதனை அழுத்தினால் எழுத்து விழாது. இன்சர்ட்டோடு இடைவெளி விசையை அழுத்த முறை மாறும்.

பொத்தானுக்குப் படம் மட்டும் இட்டுப் பெயரிடாது விடுவோரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'பொத்தான்' என்ற ஒரு சொல்லே காதில் விழும்; அது பணம் அனுப்புவதா, அழிப்பதா என்பது தெரியாது. மலாய்ப் பக்கத்தில் மொழிக் குறிப்பு இல்லையெனில் ஆங்கிலக் குரல் அதனை ஆங்கிலம் போலவே உச்சரித்துச் செல்லும்.

தமிழுக்கென்று தனித் தொல்லை ஒன்று உளது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பக்கங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். உள்ளே இருப்பனவோ ஆங்கிலக் குறிகள். 'தமிழ்' என்ற சொல்லே அங்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் பதிந்துள்ளது. உலாவியை மாற்றினும் திரைவாசிப்பானை மாற்றினும் இது தீராது; கடிதமே தவறாக எழுதப்பட்டுள்ளது. அத்தகைய பழைய வினாத்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றித்தரும் மாற்றிகள் பல ஆண்டுகளாகவே உள்ளன. மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிட்டால், என்விடிஏவுடன் வரும் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலே அவற்றை வாசித்துவிடும். அக்குரல் இனிமையானதன்று, ஆயினும் சொல் விளங்கும்.