நாலாயிரத்தில் நாலு!

44,11,529! காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகையில் உள்ள எழுத்துகளின் எண்ணிக்கை இது. 1998-லேயே அத்தனையையும் படித்துவிட்டார்கள். அதற்குள் சுமார் 4,000 மரபணுக்கள். தடுப்பூசிக்குத் தோதானவை எவை? வாருங்கள், கம்ப்யூட்டர் எப்படித் தேடுகிறது என்று உள்ளே எட்டிப் பார்ப்போம்!

திருப்பாச்சூர்க்காரர்களே, இந்தக் கதையில் உங்கள் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1968 முதல் 1971 வரை, திருவள்ளூர் பகுதியும் சேர்ந்திருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2.8 லட்சம் பேருக்கு பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி அல்லது மருந்தில்லாத ஊசி போட்டுச் சோதித்தார்கள். பிசிஜி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கிறது. ஆனால் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று இந்தச் சோதனை காட்டியது. புதிய தடுப்பூசி வேண்டும் என்று உலகத்துக்கு உரக்கச் சொன்ன ஊர்கள் இவை!

மரபணுவிலிருந்து தடுப்பூசி தேடும் வழியைத் திறந்தவர் இத்தாலியின் சியெனா நகரத்து ரினோ ரப்புவோலி. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிஞ்சோகாக்கஸ் பி கிருமியின் எல்லா வகைகளுக்கும் பலிக்கும் தடுப்பூசி வழக்கமான முறைகளில் கிடைக்கவில்லை. அவருடைய குழு கிருமியை விட்டுவிட்டு அதன் மரபணுக்களைச் சலித்தது. அவை உருவாக்கும் புரதங்களில் சுமார் 600 தேறின. 350-ஐ ஆய்வகத்தில் தயாரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அப்படிக் கிடைத்த மூன்று புரதங்களோடு பிறந்த பெக்ஸெரோ தடுப்பூசிக்கு 2013-ல் ஐரோப்பா அனுமதி தந்தது!

சல்லடையின் கண்கள் என்னென்ன தெரியுமா? புரதம் கிருமியின் மேற்பரப்பில் இருக்கிறதா? அல்லது வெளியே சுரக்கிறதா? எல்லா வகைக் கிருமியிலும் மாறாமல் இருக்கிறதா? மனிதப் புரதத்தைப் போல் இருந்தால் உடனே தள்ளுபடி! நம் செல்லில் ஒட்டிக்கொள்ளும் புரதமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்லும் 'ஸ்பான்' மென்பொருள் 2005-ல் டெல்லியில் உருவானது. உருவாக்கிய மையத்துக்கு யார் பெயர்? சென்னைப் பல்கலைக்கழகத்தில் புரத வடிவங்களை ஆராய்ந்த நம் ஜி.என். ராமச்சந்திரன் பெயர்!

காசநோய்க் கிருமி லேசில் மாட்டாது. அது நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதால் எதிர்ப்பொருள் மட்டும் போதாது; டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு செல்களை உசுப்பும் புரதங்கள் வேண்டும். அப்படி மரபணுக்களை அலசி, ஆய்வகத்தில் சோதித்துப் பொறுக்கிய நான்கு புரதங்களை ஒன்றாக இணைத்ததுதான் 'ஐடி93' தடுப்பூசி. நாலாயிரத்தில் நாலு! அது மனிதர்களிடம் நடக்கும் சோதனைவரை வந்துவிட்டது.

இன்னொரு குஷியான செய்தி: காசநோய்க் கிருமியின் மரபணுத்தொகை இணையத்தில் இலவசம். ஸ்பானைத் தனக்குள் வைத்திருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'வாக்ஸைன்' கருவியும் இலவசம். திருவள்ளூரில் பயோடெக் படிக்கும் பிள்ளைகளே, ஒரு லேப்டாப் இருந்தால் இன்று ராத்திரியே தேட ஆரம்பிக்கலாம்!